இருவர் எழுதும் ஒரு கதை



கதை எழுதுவது தனிமையில் செய்யும் வேலை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் நம் மாணவியரில் பலர் இன்று மாலை வேளைகளில் கணிப்பொறியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் அமர்ந்து எழுதுகிற கதை அத்தகையதன்று. அதை இருவரோ நால்வரோ சேர்ந்து எழுதுகிறார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறாள். அப்பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் நினைப்பதையும் அவள் எழுத, மற்றவளின் பாத்திரம் அதற்கு என்ன மறுமொழி கூறியது என்பதை மற்றவள் எழுதுகிறாள். முடிவு இன்னதென்று எவருக்கும் தெரியாமலேயே கதை வளர்ந்துகொண்டு போகிறது. இதனை ஆங்கிலத்தில் 'ரோல் பிளே' என்பர். பாத்திரமேற்று எழுதுதல் என்று நாங்கள் சொல்லி வருகிறோம்.

இது வீண் வேலை என்று பெரியோர் சிலர் கருதுவது எங்களுக்குத் தெரியும். வீண் வேலையாக ஆவதும் உண்டு. எங்கள் வகுப்பிலேயே இரு தோழியர் மூன்று மாதம் அருமையாக எழுதி வந்த கதையில், ஒருத்தி மற்றவளின் பாத்திரத்தை ஒரு நள்ளிரவில், கேட்காமலே, கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டாள். விளையாட்டாகத்தான் செய்தாள். காலையில் அதைப் படித்த மற்றவள் ஒரு மாத காலம் அவளோடு பேசவில்லை. மதிய உணவு வேளையில் இருவரும் வெவ்வேறு மரத்தடியில் அமர்ந்ததைக் கண்டவர்கள் நாங்கள். இல்லாத ஒருத்தி இல்லாத கிணற்றில் விழுந்ததற்கு ஏன் இத்தனை கண்ணீர்? இதை ஆராய்ந்தபோதுதான் இக்கட்டுரை எழுதும் எண்ணம் எங்களுக்குப் பிறந்தது.

இவ்வழக்கம் கணிப்பொறியோடு பிறந்ததாகப் பலரும் நினைக்கின்றனர். ஒருவகையில் அது உண்மையே. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஆட்டம் அது. 1978ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே நேரத்தில் புகுந்து உலவக்கூடிய கற்பனை உலகம் ஒன்றைக் கணிப்பொறியில் அமைத்தார். பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் அதனை வளர்த்தார். அதில் படம் கிடையாது. காடும் குகையும் கடலும் சொற்களாலேயே ஆனவை. இன்று நம் பெண்கள் செய்வது இவற்றின் வழிவந்ததே.

ஆனால் இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, மின்விளக்குக்கூட இல்லாத ஒரு வீட்டில், நான்கு குழந்தைகள் இதையே செய்தனர். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஹாவர்த் என்ற சிற்றூர். அவ்வூர்க் கோயில் குருவாக இருந்த பாட்ரிக் பிராண்டி, 1826 ஜூன் மாதத்தில் லீட்ஸ் நகரிலிருந்து திரும்பும்போது தம் மகன் பிரான்வெல்லுக்கு மரத்தாலான பொம்மைப் போர்வீரர்கள் பன்னிரண்டு பேரை வாங்கி வந்தார். தாயை 1821லும், மூத்த சகோதரியர் இருவரை 1825லும் இழந்த வீடு அது. எஞ்சியிருந்த நால்வரில் மூத்தவள் சார்லட்டுக்கு அப்போது 10 வயது. கடைக்குட்டி ஆனுக்கு 6. ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டனர். சார்லட் தன் வீரனுக்கு வெல்லிங்டன் பிரபு என்று பெயரிட்டாள். பிரான்வெல்லின் வீரன், கேட்கவா வேண்டும், நெப்போலியன்! எமிலி, ஆன் இருவரின் பொம்மைகளுக்கும் பெயர்கள் கிடைத்தன.

அந்தப் பொம்மைகளைக்கொண்டு அவர்கள் ஆப்பிரிக்கக் கரையில் ஒரு கண்ணாடி நகரத்தையே கற்பனையில் எழுப்பினர். அந்நகரத்துக்குச் செய்தித்தாள், போர், அரசியல், காதல் எல்லாம் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள குறும்புத்தகங்களில், பொம்மைகள் படிக்கத் தக்கவாறு எறும்பு எழுத்தில் எழுதி வைத்தனர். 'ஜேன் அயர்' எழுதிய சார்லட்டும், 'வுதரிங் ஹைட்ஸ்' எழுதிய எமிலியும் எழுதப் பழகியது இவ்வாறுதான். இரண்டு நாவல்களும் வெளிவந்தது 1847ல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி அவர்கள் இந்தக் கூட்டுக் கதைகளையே எழுதிக்கொண்டிருந்தார்கள். வீண் வேலை என்று சொல்லும் பெரியோர் இதையும் சிறிது எண்ணிப் பார்க்கும்படி பணிவோடு வேண்டுகிறோம்.

கிணற்றில் விழுந்தவள் கதைக்கு வருவோம். அக்கதை பிராண்டி வீட்டிலும் நடந்தது. சார்லட்டும் பிரான்வெல்லும் 1834 முதல் ஆங்கிரியா என்ற கற்பனை நாட்டைப் பற்றிச் சேர்ந்து எழுதினர. அதன் அரசன் ஜமோர்னா சார்லட்டுக்குப் பிடித்த பாத்திரம். அவனுடைய எதிரி நார்த்தாங்கர்லண்ட் பிரபு பிரான்வெல்லின் பாத்திரம். எதிரியின் மகள் மேரியே அரசனின் மனைவி. ஆகவே மேரி இருவரின் கதைக்கும் நடுவே நின்றவள். சார்லட் ரோ ஹெட் என்ற பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த பிரான்வெல் போர்ப்பிரியன். அவன் 1836ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் மேரியை நோயால் சாகவிட்டுவிட்டான். தொலைவிலிருந்த சார்லட், தம்பி மெய்யாகவே அவளைக் கொன்றுவிட்டானா, அவள் இப்போது குளிர்ந்த மண்ணுக்குள் தனியே கிடக்கிறாளா என்றெல்லாம் ஏங்கித் தன் குறிப்பில் எழுதியிருக்கிறாள். அப்போது அவளுக்கு வயது 20. பிறகு அவள் செய்தது என்ன தெரியுமா? மேரி சாகவே இல்லை என்று தன் பங்குக்குக் கதை எழுதி அவளை மீட்டுக்கொண்டாள்.

தங்கையரே, சார்லட் பிராண்டிக்கே இந்த வலி இருந்தது. நம் தோழி ஒரு மாதம் பேசாமல் இருந்ததில் வியப்பில்லை. பாத்திரம் என்பது வெறும் பெயரன்று. அதை ஏற்றவள் தன் நேரத்தையும் நினைவையும் அதில் இட்டு வைத்திருக்கிறாள். ஆகையால் சேர்ந்து எழுதுவோர்க்கு முதல் முறைமையும், எங்கள் கருத்தில் ஏறத்தாழ முழு முறைமையும் ஒன்றே: என் பேனா என் பாத்திரத்தின் எல்லையோடு நிற்க வேண்டும்.

சொல்வது எளிது. எழுதும்போது நம்மை அறியாமலே எல்லை தாண்டிவிடுகிறோம். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். மலைமேல் பழைய பயணியர் விடுதி, மழை இரவு. ஒருத்தி விடுதிக் காவற்காரி மாரியாக எழுதுகிறாள். மற்றவள் வழி தவறி வந்த நர்ஸ் ரோசம்மாவாக எழுதப் போகிறாள். முதலாமவள் எழுதுகிறாள்:

"மாரி கதவைத் திறந்தாள். அவளைக் கண்டதும் ரோசம்மா நடுநடுங்கிப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். மாரி அவளைப் பிடித்து அறைக்குள் தள்ளிப் பூட்டினாள்."

விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோசம்மாவை எழுத வேண்டியவளுக்கு இனி என்ன வேலை? அவள் ஒருவேளை அஞ்சாத பெண்ணொருத்தியை மனத்தில் வைத்திருக்கலாம். பெட்டிக்குள் அவசரமான மருந்து இருந்திருக்கலாம். எல்லாம் போயிற்று. இதையே இப்படி எழுதலாம்:

"மாரி கதவை ஒரு சாண் அளவே திறந்தாள். அரிக்கேன் விளக்கை உயர்த்தி வந்தவளின் முகத்தைப் பார்த்தாள். 'இந்நேரத்தில் இங்கே யாரும் வருவதில்லையே' என்றாள். அவளுடைய இன்னொரு கை கதவுக்குப் பின்னால் எதையோ பற்றியிருந்தது."

இப்போது ரோசம்மா ஓடலாம், கெஞ்சலாம், அதட்டலாம், அந்தக் கையில் என்ன என்று எட்டிப் பார்க்கலாம். தோழிக்கு நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன.

இதைச் சரிபார்க்க இலக்கண வகுப்பில் கற்றதே போதும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைத் தேடுங்கள். எழுவாய் உங்கள் பாத்திரமானால் நல்லது. மழை, காற்று, விளக்கு என்றால் அது பொதுச்சொத்து. தோழியின் பாத்திரமாக இருந்தால் அவ்வாக்கியத்தை அடித்துவிடுங்கள். "ரோசம்மாவின் உள்ளம் உருகியது" என்று எழுதிவிட்டு, எழுவாய் உள்ளம்தானே என்று வாதாட வேண்டாம், உள்ளமும் அவளுடையதே. சண்டைக் காட்சியில் வினைச்சொல்லையும் கவனியுங்கள். "கையை ஓங்கினாள்" என்பது வரை நம் உரிமை. அடி விழுந்ததா, விலகிக்கொண்டாளா, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாளா என்பது அடுத்தவள் எழுத வேண்டியது. வாங்கும் அடியையெல்லாம் விலகிக்கொண்டே எழுதுகிறவளும் உண்டு. அவளோடு யாரும் இரண்டாம் முறை எழுத மாட்டார்கள். மரணம், பெருங்காயம், திருமணம் போன்ற திரும்ப முடியாத திருப்பங்களை, எழுதுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.

எல்லை தாண்டுவது நட்பின் சிறு பூசலோடு நின்றுவிடாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் என்பவர் 1990ல் 'லாம்டாமூ' என்ற எழுத்துலகம் ஒன்றைத் தொடங்கினார். பெரிய மாளிகை போன்ற அமைப்பு அது. பல நாட்டவர் அதன் அறைகளில் தத்தம் பாத்திரமாக உலவினர். 1993ல் ஒருவர் ஒரு தந்திர நிரலைக் கொண்டு, அங்கிருந்த மற்றவர்களின் பாத்திரங்கள் செய்யாத இழிசெயல்களை அவர்களே செய்வதாகத் திரையில் எழுத்துகள் தோன்றும்படி செய்தார். யார் உடலையும் எவரும் தொடவில்லை. ஆயினும் பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் கண்ணீர் வழியவே தம் கண்டனத்தை எழுதியதாக, இந்நிகழ்ச்சி பற்றி எழுதிய ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளர் பதிவு செய்துள்ளார். உறுப்பினர்கள் கூடி நெடுநேரம் விவாதித்தனர். அந்தப் பாத்திரம் அழிக்கப்பட்டது. அதன்பின் உறுப்பினர்கள் மனுக் கொடுத்து வாக்களித்து விதி செய்யும் முறையும் அங்கே வந்தது. பிறருடைய சொல்லை அவர் வாயில் திணிப்பது வன்முறையாகவும் ஆகக்கூடும் என்று அன்று பலரும் உணர்ந்தனர்.

இனி எழுத்துப் பழக்கங்கள் சில. நம் இலக்கியத்தில் அந்தாதி என்ற அழகிய முறை உண்டல்லவா? ஒரு பாட்டின் ஈற்றுச் சொல் அடுத்த பாட்டின் முதலாகும். சேர்ந்து எழுதும் கதைக்கு அதுவே இலக்கணம். தோழி விட்ட இடத்தில் தொடங்குங்கள். அவள் பாத்திரம் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அதற்குப் பதில் சொல்லாமல் நம் பாத்திரத்தின் பழம்பெருமையை இரண்டு பக்கம் எழுதுவது மரியாதையன்று. முடிக்கும்போதும் அவள் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்றை விட்டு முடியுங்கள். "அவள் சிரித்தாள்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், பாவம், அடுத்தவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? நீளத்துக்கு அளவு அவள் எழுதியதே. அவள் பத்து வரி எழுதினால் நாமும் ஏறத்தாழப் பத்து வரி. எழுத்துப் பிழையை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ல, ள, ழ வேறுபாடு கைப்பேசியிலும் வேறுபாடுதான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கத்தை நம் தமிழாசிரியை எவ்வளவு வெறுக்கிறார் என்பதை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

நமக்குத் தெரிந்ததெல்லாம் நம் பாத்திரத்துக்குத் தெரியாது என்பதும் மிக அவசியம். ரோசம்மாவின் பெட்டியில் மருந்து இருப்பதை அவளை எழுதியவள் வரியில் நாம் படித்திருப்போம். மாரி அதைப் படிக்கவில்லை. அவள் கண்டதும் கேட்டதும் மட்டுமே அவளுக்குத் தெரியும். இந்தக் கட்டுப்பாட்டோடு எழுதிப் பழகியவளுக்கு வரலாற்று வினாவில்கூட, அன்றைய மனிதர் எதை அறிந்திருந்தார், எதை அறியவில்லை என்று பிரித்து எழுத வரும்.

நம் கதாநாயகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகி, அறிஞர், பாடகி, வாள்வீராங்கனை, அனைவராலும் நேசிக்கப்படுபவள், எதிலும் தோற்காதவள் என்று ஒருத்தியைப் படைக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' தொடரின் ரசிகர்கள் இத்தகைய கதைகளை ஏராளமாக எழுதிக் குவிக்கவே, பாலா ஸ்மித் என்ற பெண்மணி 1973ல் அவற்றைக் கேலி செய்து ஒரு குட்டிக் கதை எழுதினார். அதன் நாயகி மேரி சூ, பதினைந்தரை வயதிலேயே விண்கப்பல் அதிகாரி! கடைசியில் அவள் இறக்கும்போது கப்பலே அழுகிறது. இன்றுவரை குறையே இல்லாத நாயகிக்கு உலகமெங்கும் மேரி சூ என்றே பெயர். தனிக்கதையில் அவள் சலிப்பூட்டுவாள். கூட்டுக் கதையிலோ மற்றவர்களுக்கு இடமே விடமாட்டாள். உங்கள் நாயகிக்கு ஒரு பயத்தைக் கொடுங்கள். கணக்கு வராது என்றாவது வையுங்கள்.

கதைக்கு வெளியே பேச வேண்டியதைக் கதைக்குள் பேசாதிருக்க ஒரு வழக்கம் உண்டு. "அம்மா கூப்பிடுகிறாள், நாளை எழுதுகிறேன்", "இந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றலாமா" என்பவற்றை இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். சிறு குறிதான், பெரிய பாதுகாப்பு. மாரி ரோசம்மாவைத் திட்டலாம். மாரியை எழுதுகிறவள் ரோசம்மாவை எழுதுகிறவளைத் திட்டவில்லை என்பது அதனால் தெளிவாகும். இதைப்போலவே, கதைக்குள் ஒரு பாத்திரம் நம் பாத்திரத்திடம் காட்டும் அன்பு, அதை எழுதுபவர் நம்மிடம் காட்டும் அன்பு ஆகாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்புத் தோழியோடு எழுதும்போது எதிரே யார் என்று தெரியும். இணையத்தில் முகமறியாதவரோடு எழுதும்போது, பதினைந்து வயது இளவரசியை எழுதுகிறவர் நாற்பத்தைந்து வயது ஆணாக இருக்கக்கூடும். அதனாலேயே அவர் தீயவர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கதையை விட்டுவிட்டு உன் உண்மைப் பெயர் என்ன, எந்தப் பள்ளி, படம் அனுப்பு, இதை வீட்டில் சொல்லாதே என்று எவர் தொடங்கினாலும் அந்தக் கணமே கதை முடிந்துவிட்டதாகக் கொள்ளுங்கள். நாகரிகமாக விடைபெறக்கூட வேண்டாம். எழுதியவற்றை அழிக்காமல் அம்மாவிடமோ வகுப்பாசிரியையிடமோ காட்டுங்கள். நம் நாட்டில் 2023ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு தனியே சுமக்க வேண்டிய வயதன்று இது. வீட்டில் சொல்ல இயலாத நிலையிலுள்ள பிள்ளைகள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். மகள் வெகுநேரம் எழுதிக்கொண்டிருக்கக் கண்டால் கைப்பேசியைப் பறிப்பதற்கு முன் கதையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மகிழ்ந்து படித்துக் காட்டினால் கவலைக்கு இடமில்லை. திரையை மறைத்தால், கோபப்படாமல் அருகில் அமர்ந்து கேளுங்கள். முதலில் கோபம் வந்துவிட்டால் பிறகு எதுவும் வெளிவராது.

கடைசியாக, கதையை விட்டு விலகுவது எப்படி? இதில்தான் மிகுதியான மனத்தாங்கல் வருகிறது. தேர்வு வருகிறது, அல்லது சலித்துவிட்டது. சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். மற்றவள் நாள்தோறும் திறந்து பார்த்து ஏமாறுகிறாள். எமிலியும் ஆனும் தமக்கென்று காண்டல் என்ற தீவு நாட்டைப் படைத்து வளர்ந்த பிறகும் விடாமல் ஆடினார்கள். 1845 ஜூனில் இருவரும் யார்க் நகருக்குச் சென்றபோது, எமிலிக்கு 26, ஆனுக்கு 25 வயது. வழியெல்லாம் காண்டல் நாட்டுப் பாத்திரங்களாகவே பேசிக்கொண்டு போனார்களாம். ஆனால் அடுத்த மாதம் தனித்தனியே எழுதி வைத்த குறிப்புகளில், காண்டல் முன்னைப் போலவே செழிப்பாக இருக்கிறது என்று எமிலி எழுதினாள். காண்டல் மக்கள் இப்போது ஆடுவதற்கேற்ற நல்ல நிலையில் இல்லை என்று ஆன் எழுதினாள். ஒரே வீட்டில் வாழ்ந்த உடன்பிறப்புகளுக்கே இப்படி வேறுபாடு இருக்குமானால், திரைக்கு அப்பால் இருப்பவளின் மனம் சொல்லாமல் எப்படித் தெரியும்?

ஆகவே இரட்டை அடைப்புக்குறி போட்டு, இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். தேர்வு முடிந்து வருவதாக இருந்தால் தேதியையும் சொல்லுங்கள். வருவதாக எண்ணமில்லையென்றால் அதையும் சொல்லுங்கள். தோழியின் பாத்திரத்தைக் கொன்றுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் பாத்திரத்தைக் கொல்லவும் வேண்டாம். எங்கேனும் தொலைதூரத்துக்கு அனுப்பி வையுங்கள். மாரிக்கு அக்காள் ஒருத்தி கொழும்பில் இருக்கிறாள் என்று வைத்தால், அவள் கப்பலேறிப் போகலாம். கோடை விடுமுறையில் மனம் மாறினால் அடுத்த கப்பலில் திரும்பி வரவும் வழி இருக்கும்.